அசையாத எடைக்கட்டி: லேமன் நிலநடுக்கமானியை மின்னணுவியலால் மேம்படுத்தல் – ஒரு நிகழ்வு ஆய்வு

1979 ஜூலை மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அமெச்சூர் விஞ்ஞானிகள் பகுதியில், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு நிலநடுக்கமானியின் செய்முறை வந்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் லேமன், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். ஒரு சட்டம், ஒரு தண்டு, அதைத் தாங்கும் கம்பி, ஒரு எடைக்கட்டி, ஒரு காந்தம், ஒரு சுருள். இவற்றை வைத்துக்கொண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடக்கும் நிலநடுக்கத்தைப் பதிவு செய்யலாம் என்று காட்டிய வடிவமைப்பு அது. அதைப் பார்த்தும், அதைப் பார்த்துச் செய்தவர்களைப் பார்த்தும் கருவி கட்டியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 1990களில் வீட்டுக் கணினி பரவலானபோது பொதுமக்கள் நிலநடுக்க வலைப்பின்னல் என்ற பெயரில் இவர்கள் ஒன்றுசேர்ந்து பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துப் பதிவுகள் பலவும் லேமன் வகைக் கருவிகளில் எடுத்தவைதான்.

இந்த ஆய்வு அந்தக் கருவியைப் பற்றியது. இயந்திரப் பகுதியை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொண்டு மின்னணுப் பகுதியை ஒவ்வொன்றாக மாற்றினால், எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பலன் என்பதுதான் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல ஆம்ப்ளிஃபயர், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் நல்ல டிஜிட்டல் மாற்றி ஆகியவற்றால் வரும் பலன் உண்மையானது, ஆனால் அளவானது. பெரிய தாவல், எடைக்கட்டியை ஆடவிடாமல் மின்விசையால் பிடித்து நிறுத்தும்போதுதான் வருகிறது. அதுவும் இயந்திரப் பகுதி ஒழுங்காக இருந்தால் மட்டும்.

கருவி

லேமன் கருவி ஒரு கிடைமட்ட ஊசல். சற்றே சாய்வாக மாட்டிய தோட்டத்துக் கேட் எப்படித் தானாக ஓர் இடத்துக்கு வந்து நிற்குமோ, அதே தத்துவம். கீல் அச்சு செங்குத்திலிருந்து விலகியிருக்கும் கோணம் சிறியதாக ஆக, கேட் மெதுவாக ஆடும்.

இது ஏன் தேவை? தூரத்து நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகளுக்கு 20 வினாடியை ஒட்டிய அலைவு நேரம் உண்டு. அதே அலைவு நேரத்தில் ஆடும் சாதாரண ஊசல் வேண்டுமென்றால் அதன் நீளம் 99 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கேட் அமைப்பில் 75 சென்டிமீட்டர் தண்டே போதும். அச்சின் சாய்வை 0.43 பாகையாக வைத்தால் 20 வினாடி கிடைத்துவிடும். ஒரு திருகைத் திருப்பி இதைச் சாதிக்க முடிவதுதான் இந்த வடிவமைப்பின் அழகு. அதன் தொல்லைகள் எல்லாமும் அந்தத் திருகிலிருந்துதான் வருகின்றன.

தண்டின் முனையில் சுருள், சட்டத்தில் காந்தம். தரை அசையும்போது எடைக்கட்டி தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. சட்டம் நகர்வதால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. அதை ஆம்ப்ளிஃபயரில் பெரிதாக்கிக் காகிதச் சுருளில் பேனாவால் எழுதினார்கள். ஆட்டம் தொடர்ந்துகொண்டே இருக்காமல் தடுக்க, எண்ணெய்க் கிண்ணத்தில் முங்கிய ஒரு தகடு.

தொழில்முறை நிலையங்களும் அப்போது வெகுதூரம் முன்னே போய்விடவில்லை. 1960களில் அமெரிக்கா பல நாடுகளில் நிறுவிய உலகளாவிய சீர்தர நிலநடுக்க வலைப்பின்னலில் கோடைக்கானலும் ஒரு நிலையம். அங்கெல்லாம் இருந்த நெடும் அலைவுக் கருவி, 15 வினாடி ஊசலையும் 100 வினாடி கால்வனோமீட்டரையும் இணைத்து, ஒளிக்கற்றையால் புகைப்படத் தாளில் எழுதியது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லை. சுருளிலிருந்து வரும் மின்னோட்டமே கால்வனோமீட்டர் கண்ணாடியைத் திருப்பிவிடும். ஆக, பழைய கருவிகளின் ஊசல் பகுதி அன்றைக்கே தேறியிருந்தது. அசைவைப் படித்தெடுக்கும் பகுதியில்தான் இடம் மிச்சமிருந்தது.

எங்கே திணறுகிறது

ஊசலின் சொந்த அலைவு நேரத்துக்குள் அடங்கும் அலைகளுக்குச் சுருள் தரும் மின்னழுத்தம் தரையின் வேகத்துக்கு நேர்விகிதம். அதைத் தாண்டிய மெதுவான அலைகளுக்கு, அலைவு நேரம் இரட்டிப்பானால் உணர்திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

ஓர் எண் கணக்கு போட்டால் நிலைமை புரியும். சுருளின் உணர்திறன், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 100 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 20 வினாடி ஊசல். தரை 1 மைக்ரோமீட்டர் வீச்சில் 100 வினாடி அலைவு நேரத்தோடு அசைகிறது. வேகம் வினாடிக்கு 0.063 மைக்ரோமீட்டர். ஊசலின் சரிவு அதை 25இல் ஒரு பங்காக்கிவிடும். கடைசியில் கிடைப்பது கால் மைக்ரோவோல்ட். நல்ல ஆப்-ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர் சிப்) என்று பெயரெடுத்த ஓபி07இன் சொந்த இரைச்சலே 0.1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் உச்சத்துக்கு உச்சம் 0.35 மைக்ரோவோல்ட். அதற்கும் கீழான அதிர்வெண்களில் நிலைமை இன்னும் மோசம். சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கிவிட்டது.

மறுபக்கம் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தின்போது உலகின் எந்த மூலையிலும் தரை ஏறத்தாழ 1 சென்டிமீட்டராவது அசைந்தது. 20 வினாடி அலையில் 1 சென்டிமீட்டர் என்றால் வேகம் வினாடிக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தச் சமயத்தில் எடைக்கட்டிக்கும் சட்டத்துக்கும் இடையேயான நகர்வும் சென்டிமீட்டர் கணக்கில்தான் இருக்கும். சுருள் காந்தத்தின் சீரான பகுதியை விட்டு வெளியே வந்துவிடும். தண்டு போய்த் தடுப்பில் இடித்தாலும் ஆச்சரியமில்லை. சிறியதும் தெரியாது, பெரியதும் கெட்டுப்போகும்.

மூன்றாவது தொல்லை சாய்வு. 20 வினாடி கேட்டில் தரை 10 மைக்ரோரேடியன் சாய்ந்தால் எடைக்கட்டி 1 மில்லிமீட்டர் நகரும். 10 மைக்ரோரேடியன் என்பது 1 மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூக்குவது. காலை வெயில் சுவரில் பட்டாலே வீட்டுத் தரை இந்த அளவுக்குச் சாய்வது சாதாரணம். கருவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வந்து நின்றாலும் அப்படித்தான்.

முதல் கட்டம்: தணிப்பு, ஆம்ப்ளிஃபயர், பதிவு

எல்லோரும் முதலில் செய்வது எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிப் போடுவது. எண்ணெயின் பாகுத்தன்மை வெப்பநிலையோடு மாறும். ஆட்டத்தை அடக்கும் தணிப்பு மதியம் சரியாக இருந்தால் விடியற்காலையில் கூடிப்போகும். அதற்குப் பதிலாகத் தண்டில் ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகட்டைப் பொருத்தி, அதை வலுவான காந்தங்களுக்கு நடுவே ஓட விடுகிறார்கள். சுழல் மின்னோட்டம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். லேமன் கட்டுரை எழுதிய காலத்தில் நியோடிமியம் காந்தமே கிடையாது. அது சந்தைக்கு வந்தது 1980களின் நடுவில். இன்று சில நூறு ரூபாயில் கிடைக்கும் அந்தக் காந்தம், இந்தக் கருவிக்குக் கிடைத்த மலிவான, மிகப் பயனுள்ள மேம்பாடு என்பேன்.

தணிப்பு சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. எடைக்கட்டியை ஒரு பக்கம் சிறிது இழுத்துப் பிடித்து விட வேண்டும். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும் தூரம், இழுத்த தூரத்தில் சுமார் 23இல் ஒரு பங்காக இருந்தால் தணிப்பு விகிதம் 0.7. அதற்கு மேல் தாண்டினால் காந்தத்தைக் கொஞ்சம் நெருக்க வேண்டும்.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தரவுத்தாளைப் பார்த்தால் ஓபி27, ஓபி07ஐ விடப் பல மடங்கு அமைதியானது போலத் தெரியும். மின்னழுத்த இரைச்சலை மட்டும் பார்த்தால் உண்மைதான். ஆனால் கையால் சுற்றிய லேமன் சுருளுக்குப் பல ஆயிரம் சுற்றுகள் இருக்கும், மின்தடை 10 கிலோ ஓம் வரைகூடப் போகும். 10 ஹெர்ட்ஸில் ஓபி27இன் மின்னோட்ட இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 1.7 பிக்கோ ஆம்பியர். 10 கிலோ ஓமில் அது 17 நானோவோல்ட் ஆகிறது. ஓபி07இல் மின்னோட்ட இரைச்சல் 0.32 பிக்கோ ஆம்பியர்தான். மின்னழுத்த இரைச்சல் 10 நானோவோல்ட்டைச் சேர்த்தாலும் மொத்தம் 11க்குள் அடங்கிவிடும். விலை கூடிய சிப் இங்கே தோற்கிறது. சில நூறு ஓம் சுருள் என்றால் முடிவு தலைகீழ். சுருளின் மின்தடையை அளக்காமல் சிப்பைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

சால்டர் செய்த இணைப்புகளையும் மறக்கக் கூடாது. வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடம் ஒவ்வொன்றும் ஒரு சிறு தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலை வித்தியாசத்தால் மின்னழுத்தம் தருவது. செம்பும் சால்டரும் சேர்ந்தால் பாகைக்குச் சில மைக்ரோவோல்ட். உலோகக் கூடு சிப்புகளின் கோவார் என்ற உலோகக் கலவைக் கால்கள் செம்போடு சேர்ந்தால் 35 மைக்ரோவோல்ட்டை ஒட்டி வரும். கால் மைக்ரோவோல்ட்டைத் தேடுகிறோம் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் காற்றோட்டம் இருந்தாலே அது திரையில் மெதுவான அலையாகத் தெரியும். பெட்டிக்குள் பஞ்சு அடைத்தால் போதும், தீர்ந்துவிடும்.

பதிவுக்கு வருவோம். 12 பிட் மாற்றி, கூட்டல் கழித்தல் 5 வோல்ட் என்றால் ஒரு படி 2.4 மில்லிவோல்ட். அதே வீச்சில் 24 பிட் என்றால் ஒரு படி 0.6 மைக்ரோவோல்ட், கடைசிச் சில பிட்டுகள் இரைச்சலில் போனாலும்கூட. இதனால் நடைமுறையில் கிடைக்கும் வசதி, ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தைக் குறைத்து வைக்க முடிவது. சிறியதும் பதியும், பெரியதும் வெட்டுப்படாது. நேரத்துக்கு ஜிபிஎஸ் வைத்துவிட்டால் முடிந்தது. நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் பி அலை பூமியின் மேலுறைக்குள் வினாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் போகும். கணினிக் கடிகாரம் 2 வினாடி பிசகினால் நிலநடுக்க மையம் எங்கோ போய்விடும்.

இவ்வளவும் செய்த கருவி பழையதை விட நிச்சயம் நல்ல கருவி. கடலலைகள் தரையில் எழுப்பும் ஓயாத 6 வினாடி நுண்ணதிர்வைத் தெளிவாகக் காட்டும். ஆனாலும் 100 வினாடி அலைக்கு அது குருடுதான், பெரிய நிலநடுக்கத்தில் தடுப்பில் இடிப்பதும் நிற்காது. நாம் மாற்றியதெல்லாம் சுருளுக்குப் பிறகு வரும் சமாச்சாரம். சிக்கல் சுருளிலேயே இருக்கிறது.

ஒரு குறுக்குவழி

இவ்வளவு பெரிய கேட் எதற்கு, ஜியோஃபோன் என்ற கையடக்கமான அதிர்வு உணரி ஒன்றை வாங்கி மின்னணுவியலால் அதன் பட்டையை நீட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். 2016இல் பனாமாவிலிருந்து வந்த ராஸ்பெரி ஷேக் என்ற சிறு நிலநடுக்கமானி அதைத்தான் செய்கிறது. 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனை 0.5 ஹெர்ட்ஸ் வரை நீட்டுகிறது. ஆனால் 9 மடங்கு கீழே போக வேண்டுமென்றால் அந்த முனையில் 81 மடங்கு பெருக்க வேண்டும், இரைச்சலும் கூடவே 81 மடங்கு வரும். பக்கத்து ஊர் நிலநடுக்கங்களுக்கு அது அருமையான கருவி. 20 வினாடி அலைக்கு அதே தந்திரத்தைப் போட்டால் 8,000 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டியிருக்கும். கிராம் கணக்கில் எடைக்கட்டி கொண்ட உணரியிடம் அதைக் கேட்க முடியாது. கிலோ கணக்கில் எடையும் வினாடிக் கணக்கில் அலைவும் கொண்ட பழைய கேட்டுக்கு இன்னும் மதிப்பு இருப்பது இதனால்தான்.

இரண்டாம் கட்டம்: எடைக்கட்டியைப் பிடித்து நிறுத்துதல்

யோசனை புதிதல்ல. நிலநடுக்கவியலாளர் எர்ஹார்ட் வீலாண்டும் கருவி வடிவமைப்பாளர் ஸ்ட்ரெக்கைசனும் 1982இல் இதே முறையில் இயங்கும் தங்கள் இலைவில் (வளைத்த உலோகப் பட்டையே ஸ்ப்ரிங்காக இருக்கும்) நிலநடுக்கமானியை வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்த எஸ்டிஎஸ்-1 என்ற கருவி உலகின் முக்கிய நிலையங்களுக்குப் போனது. அமெச்சூர்கள் கைக்கு இந்த நுட்பத்தைக் கொண்டுவந்ததில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் ஷான்-தாமஸ் மாரிஸிக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய இலைவில் செங்குத்துக் கருவி ஒன்றை அவர் வடிவமைத்து, சுற்றுப்படங்களோடு எல்லோருக்கும் கொடுத்தார்.

கொள்கை இதுதான். எடைக்கட்டியின் வேகத்தை அளப்பதை விட்டுவிட்டு இடத்தை அளக்க வேண்டும். நடுவிலிருந்து மயிரிழை விலகினாலும், ஒரு சுருள் வழியாக எதிர்விசை கொடுத்து அதைத் திரும்ப நடுவுக்குத் தள்ள வேண்டும். இதுதான் பின்னூட்டம். தரை எவ்வளவு முடுக்கத்தோடு அசைகிறதோ அதே முடுக்கத்தோடு எடைக்கட்டியும் சட்டத்தோடு சேர்ந்து போகும். அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டமே நமக்கு வேண்டிய அளவீடு. எடைக்கட்டி சட்டத்தைப் பொறுத்து ஏறக்குறைய அசைவதே இல்லை. ஆகவே சுருள் சீரான பகுதியை விட்டு வெளியே வராது, தடுப்பில் இடிக்காது, கீலின் வளைவு நெளிவுகளும் அளவீட்டில் கலக்காது.

இடத்தை அளக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்இடியும் இரண்டு ஃபோட்டோடயோடுகளும் நடுவில் ஒரு மறைப்பும் வைப்பது சுலபம். காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரி இன்னும் சுலபம், ஆனால் இரைச்சல் அதிகம், வெப்பநிலைக்கும் அலையும். மெனக்கெடத் தயாராக இருப்பவர்களுக்கு மின்தேக்கி முறைதான் என் தேர்வு. சட்டத்தில் இரண்டு தகடுகள், நடுவே தண்டோடு அசையும் மூன்றாவது தகடு. 20 சதுர சென்டிமீட்டர் தகடு, 1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 18 பிக்கோஃபாரட். வெளித்தகடுகள் இரண்டுக்கும் எதிரெதிர்க் கட்டத்தில் 5 வோல்ட் சதுர அலை கொடுத்தால், நடுத்தகடு 1 மைக்ரோமீட்டர் நகரும்போது 5 மில்லிவோல்ட் வரும். 1 நானோமீட்டருக்கு 5 மைக்ரோவோல்ட். சதுர அலை பல கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால், மெதுவான அதிர்வெண்களில் ஆப்-ஆம்ப் போடும் இரைச்சல் இங்கே ஒட்டாது. கால் மைக்ரோவோல்ட்டைத் துரத்திய கதை இதோடு முடிகிறது.

ஒரு நிபந்தனை. நடுத்தகட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பி சில சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோஆக்சியல் கேபிள் ஒரு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட்டை ஒட்டி விழுங்கும். நம்மிடம் மொத்தமாக இருப்பதே 36. முதல் ஆம்ப்ளிஃபயர் தகட்டின் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

இயந்திரப் பகுதியிலும் இப்போது ஒரு மாற்றம் தேவைப்படும். லேமனின் நீளத் தண்டு வில் மாதிரி வளைந்து அதிரக்கூடியது. பின்னூட்டம் இல்லாத திறந்த சுற்றில் அது யாருக்கும் தொல்லை தருவதில்லை. பின்னூட்டச் சுற்றுக்குள் அந்த அதிர்வு வந்து சேர்ந்தால் கருவி தானே கத்த ஆரம்பித்துவிடும். அதனால் தண்டை 30 சென்டிமீட்டருக்குக் குறைத்து, தடிமனாக்கி, அலைவு நேரத்தையும் 8 வினாடிக்கு இறக்குவது நல்லது. பின்னூட்டம் வந்த பிறகு மெதுவான அலைகளுக்கு ஊசலை நம்பத் தேவையில்லை. 8 வினாடியில் அதே 10 மைக்ரோரேடியன் சாய்வு எடைக்கட்டியை 0.16 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். தகடுகளுக்கு நடுவே அது அடங்கும்.

எடைக்கட்டி பித்தளையோ ஈயமோ ஆக இருக்கட்டும். இரும்பு வைத்தால் பின்னூட்டச் சுருளின் காந்தமே அதை இழுத்து ஊசலின் சமநிலையைக் கெடுக்கும்.

மதிப்புகள்

பின்னூட்ட மின்னோட்டம் மூன்று பாதைகளில் போகிறது. வெளியீட்டிலிருந்து ஒரு மின்தேக்கி வழியாக, ஒரு மின்தடை வழியாக, வெளியீட்டைக் காலப்போக்கில் கூட்டிச் சேர்க்கும் ஒரு தொகையீட்டுச் சுற்றும் அதன் மின்தடையும் வழியாக. மின்தேக்கிப் பாதை ஓங்கியிருக்கும் பட்டையில் வெளியீடு தரையின் வேகத்துக்கு நேர்விகிதம். மற்ற இரண்டும் சேர்ந்து கீழ் எல்லையையும் தணிப்பையும் தீர்மானிக்கின்றன. வியப்பு என்னவென்றால், சுற்றின் பெருக்கம் போதுமானதாக இருந்தால் ஊசலின் சொந்த அலைவு நேரம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். 60 வினாடிக் கருவி வேண்டுமா, 120 வேண்டுமா என்பதை அதன் பிறகு திருகு முடிவு செய்வதில்லை.

60 வினாடிக்கு ஒரு மாதிரி: சுருள் இருக்கும் இடத்துக்குக் கணக்கிட்ட நிறை 1 கிலோ, பின்னூட்டச் சுருள் ஆம்பியருக்கு 30 நியூட்டன். மின்தேக்கி 22 மைக்ரோஃபாரட், நேர்ப்பாதை மின்தடை சுமார் 307 கிலோ ஓம், தொகையீட்டுப் பாதை மின்தடை 1 மெகா ஓம், தொகையீட்டுச் சுற்றின் நேர மாறிலி 4.15 வினாடி. தணிப்பு 0.707 ஆக அமையும். உணர்திறன், வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 1,500 வோல்ட். வெளியீடு 10 வோல்ட் வரை போகலாம் என்றால் வினாடிக்கு 6.6 மில்லிமீட்டர் வேகம் வரை வெட்டுப்படாது. 2004ஐப் போன்ற ஒன்று வெகு தொலைவில் வந்தால் பதிவு தாங்கும் என்று பொருள். 2012 ஏப்ரல் 11 அன்று சென்னைவரை உணரப்பட்ட 8.6 அளவுள்ள சுமத்ரா நிலநடுக்கம் போன்றவற்றைத் தொலைவில் இருந்து பதிவு செய்யவும் இந்த வீச்சு வேண்டும்.

மின்தேக்கிகள் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீன் வகையாக இருக்க வேண்டும். 22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி பெரிதாகவும் விலையாகவும் இருக்கும், அதற்காக எலக்ட்ரோலிட்டிக் போட்டால் கசிவு மின்னோட்டம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். 10 மைக்ரோரேடியன் சாய்வு, 1 கிலோ நிறைமேல் 98 மைக்ரோநியூட்டன் விசை. அதை ஈடுகட்ட 3.3 மைக்ரோ ஆம்பியர். 1 மெகா ஓம் வழியாக அதைத் தர தொகையீட்டுச் சுற்றின் வெளியீடு 3.3 வோல்ட்டில் போய் நிற்கும். 12 வோல்ட்தான் எல்லை என்றால் 37 மைக்ரோரேடியனில் கருவி முட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மண் ஊறும்போது தரை இதைவிட அதிகம் சாயலாம். அதனால் சட்டத்தின் ஒரு காலில் சிறிய மோட்டார் வைத்து, தொகையீட்டு மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் திருகைக் கொஞ்சம் திருப்பும்படி செய்பவர்கள் உண்டு. எளிமையாக இருக்க நினைப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கையால் திருப்புவார்கள்.

சோதித்தல்

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது எடைக்கட்டி ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். பின்னூட்டச் சுருளின் இரு முனைகளை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அளவுதிருத்தத்துக்குத் தரையை அசைக்க வேண்டியதில்லை என்பது இந்த முறையின் தனி வசதி. பின்னூட்டச் சுருளுக்குள் பெரிய மின்தடை வழியாக 1 மைக்ரோ ஆம்பியர் செலுத்தினால் 30 மைக்ரோநியூட்டன் விசை. 1 கிலோ நிறைக்கு அது வினாடி வர்க்கத்துக்கு 30 மைக்ரோமீட்டர் முடுக்கம். மின்னோட்டத்தை வெவ்வேறு அலைவு நேரங்களில் கொடுத்து வெளியீட்டைக் குறித்துக்கொண்டால் கருவியின் முழு வளைகோடும் கைக்கு வந்துவிடும். 60 வினாடி என்று நாம் கணக்கிட்டது உண்மையில் 60தானா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் கடல். வங்காள விரிகுடாவோ அட்லாண்டிக்கோ, 6 வினாடி நுண்ணதிர்வு இல்லாத நாள் இல்லை. அருகில் உள்ள ஆய்வு நிலையத்தின் தரவு பொதுவெளியில் கிடைத்தால், அதே நேரத்துப் பதிவில் அந்த நுண்ணதிர்வின் வீச்சை ஒப்பிடலாம். பழைய சுருளை எடுத்துவிடாமல் அதே தண்டில் விட்டுவைத்தால் சுற்றைத் திறந்தும் மூடியும் பழையதையும் புதியதையும் ஒப்பிடவும் முடியும்.

கடுமையான சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு கருவிகளை அருகருகே ஒரே திசையில் வைத்து ஓடவிடுவது. இரண்டிலும் ஒன்றுபோல வருவது தரை, ஒன்றில் மட்டும் வருவது கருவியின் சொந்த இரைச்சல். சர்க்யூட்டுக்குச் செலவழித்த காசு வீணா என்பதை இந்தக் கழித்தல் சொல்லிவிடும். பெரும்பாலும் அங்கே தெரிவது சர்க்யூட்டின் குறை அல்ல. பெட்டிக்குள் சுழலும் காற்றும் வழுக்கும் கீலும்தான் தெரியும். காற்றுக்கு வைத்தியம், மூடிய பெட்டிக்குள் மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியை விடச் சற்றே சூடாக வைப்பது. சூடான காற்று மேலேயே தங்கிவிடும், சுழலாது. சில வாட் மின்தடை ஒன்றைக் கூரையில் ஒட்டினாலே போதும். கீலுக்குக் கத்திமுனையை விட, குறுக்கே பின்னிய மெல்லிய உலோகப் பட்டைகள் நல்லவை. அவற்றில் உராய்வு என்பதே இல்லை.

மீதமிருக்கும் தடை

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் வைத்த கிடைமட்டக் கருவி 30, 40 வினாடிக்கு அப்பால் திணறும். காரணம் மின்னணுவியல் அல்ல. தரை சாய்வதற்கும் தரை பக்கவாட்டில் முடுக்கம் பெறுவதற்கும் வித்தியாசம் காண ஊசலால் இயலாது. இரண்டும் அதற்கு ஒன்றே. மெதுவான அதிர்வெண்களில் காற்றழுத்தமும் வெயிலும் நடமாட்டமும் ஏற்படுத்தும் சாய்வு, தூரத்து நிலநடுக்க அலையை மூடிவிடும். 60 வினாடியை 120 ஆக்கினால் சாய்வுதான் இன்னும் நன்றாகப் பதியும். சுரங்கத்திலோ பாறைமேலோ வைக்க வசதி இல்லாதவர்கள் கிடைமட்டக் கருவியை 30 வினாடியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன்.

செங்குத்துக் கருவிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சிறிய சாய்வில் புவியீர்ப்பின் செங்குத்துக் கூறு மாறுவது கோணத்தின் இருமடியைப் பொறுத்துத்தான். மாரிஸி செங்குத்து இலைவில்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இது நல்ல காரணம். ஆனால் அங்கே வேறு கணக்கு காத்திருக்கிறது. எடைக்கட்டியின் முழு எடையையும் வில்தான் தாங்குகிறது. சாதாரண எஃகின் மீள்தன்மை பாகைக்குப் பத்து லட்சத்தில் சுமார் 250 பங்கு குறையும். 1 கிலோவுக்கு அது 2.5 மில்லிநியூட்டன். மேலே சொன்ன சுருளில் 80 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் வேண்டும். 1 மெகா ஓம் வழியாக 12 வோல்ட் தரக்கூடியது 12 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. வில்லின் வெப்பநிலை நடுவிலிருந்து ஏதாவது ஒரு பக்கம் 0.15 பாகை மாறினாலே கருவி எல்லையைத் தொட்டுவிடும்.

தொகையீட்டு மின்தடையைக் குறைத்தால் இடம் கிடைக்கும், அந்த அளவுக்கு இரைச்சலும் உள்ளே வரும். வெப்பத்துக்கு மீள்தன்மை மாறாத நிக்கல் கலப்பு உலோகப் பட்டை கிடைத்தால் நல்லது, அமெச்சூருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே செங்குத்துக் கருவி கட்டப் போகிறவர் சர்க்யூட் பலகையைக் கையிலெடுக்கும் முன் பெட்டியைச் செய்து முடிக்கட்டும். கனமான அலுமினியப் பெட்டி, அதைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்குத் தெர்மாகோல், உள்ளே ஒரு வெப்பமானி. அந்த வெப்பமானி ஒரு முழு நாளில் கால் பாகைக்கு மேல் ஏறி இறங்குகிறது என்றால் இன்னோர் அடுக்கு வேண்டும். அதற்கப்புறம் மூன்று பாதைப் பின்னூட்டச் சுற்றை அதே மதிப்புகளோடு அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாம்.